பசிஃபிகோ எழுத்துரு சரியாக அமையாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தூரிகையால் கையை எடுக்காமல் எழுதியது போன்ற தோற்றமுடைய பசிஃபிகோ எழுத்துருவை வெர்னான் ஆடம்ஸ் 2011ஆம் ஆண்டில் வடிவமைத்தார். 1950களின் அமெரிக்க அலைச்சறுக்குப் பண்பாடே அதற்குத் தூண்டுதலாக இருந்தது. 2016இல் ஜாக் லெ பெய்லி அதை மீண்டும் வரைந்தார். 2017இல் போட்யோ நிகோல்ச்செவ், ஆனி பெட்ரோவா ஆகியோர் ரஷ்ய மொழி போன்றவற்றை எழுதப் பயன்படும் சிரில்லிக் எழுத்துகளைச் சேர்த்து விரிவாக்கினர். கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதாலும், கேன்வா போன்ற வடிவமைப்புச் செயலிகளில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருப்பதாலும், தேநீர்க் கடையின் பெயர்ப்பலகை முதல் திருமண அழைப்பிதழ் வரை எங்கும் இதைக் காண்கிறோம். அத்துடன் இணைப்பு அறுந்த சொற்களையும், வால் வெட்டுப்பட்ட தலைப்புகளையும், கத்தி குறுக்கே ஓடிய ஸ்டிக்கர்களையும் காண்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை எழுத்துருவின் குறைகள் அல்ல. அதை மற்ற எழுத்துருக்களைப் போலவே கையாள்வதால் நேர்பவை.

பசிஃபிகோவில் ஸ்மால் லெட்டர் எனப்படும் ஒவ்வொரு சிற்றெழுத்தும் வலப்புறத்தில் ஒரு வாலை நீட்டி நிற்கிறது. அந்த வால் அடுத்த எழுத்தின் தொடக்கத்தின் மேல் சிறிதளவு படியும்போதுதான் தொடரெழுத்து என்னும் தோற்றம் உண்டாகிறது. அதாவது, சொல் ஒரே தீற்றலாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது தனித்தனி வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வரிசைதான். கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்குப் பலவாகவும் இருக்கும் இந்த இரட்டை நிலையே கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் வேர்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும், பழுதான சொல்லை ஒரு புதிய வெற்று ஆவணத்தில் 72 புள்ளி அளவில், கறுப்பு நிறத்தில், எந்த விளைவும் சேர்க்காமல் தட்டச்சு செய்து பாருங்கள். அங்கே சொல் சரியாகத் தெரிந்தால், பிழை உங்கள் கோப்பின் அமைப்புகளில் இருக்கிறது. கீழுள்ள பகுதிகளில் பொருந்துவதைப் பார்த்துச் சரிசெய்யலாம். வெற்று ஆவணத்திலும் பழுது தொடர்ந்தால், நிறுவப்பட்டுள்ள எழுத்துருக் கோப்பு பழையதாகவோ குறையுடையதாகவோ இருக்கக்கூடும். அதை நீக்கிவிட்டு, கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து புதிதாக இறக்கி நிறுவிய பிறகு மேலே செல்லுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஒவ்வோர் எழுத்தையும் கையால் நகர்த்தத் தொடங்குபவர்கள் தேவையற்ற வேலையில் நெடுநேரம் செலவிடுகிறார்கள்.

அறிகுறி: எழுத்துகளுக்கு இடையே இணைப்பு அறுந்து தெரிகிறது

முதலில் ஐயப்பட வேண்டியது எழுத்து இடைவெளி அமைப்பை. அடோபி செயலிகளில் டிராக்கிங் என்றும், இணையப் பக்கங்களில் லெட்டர் ஸ்பேசிங் என்றும் வழங்கும் இந்த அமைப்பு, ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஒரே அளவு வெற்றிடத்தைச் சேர்க்கிறது. பசிஃபிகோவின் வால் அடுத்த எழுத்தின் மேல் படிந்திருக்கும் அளவு மிகச் சிறியது. எனவே சிறிதளவு இடைவெளி கூடினாலும் வால் காற்றில் தொங்கத் தொடங்கும். தீர்வு எளிது: மதிப்பைச் சுழியமாக்குங்கள். தலைப்பு அகலமாக வேண்டுமென்றால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள், இடைவெளியைக் கூட்டாதீர்கள். ஆயத்த இணையதள வார்ப்புருக்கள் பல, தலைப்புகளுக்கு முன்கூட்டியே இடைவெளி வைத்திருக்கின்றன. எனவே நீங்கள் எதையும் மாற்றாதபோதும் இந்தப் பழுது வரலாம்.

இடைவெளி சுழியமாக இருந்தும் சில இணைப்புகள் மட்டும் அறுந்திருந்தால், அடோபி செயலிகளில் இரண்டிரண்டு எழுத்துகளுக்கு இடையிலான தூரத்தை வகுக்கும் கெர்னிங் அமைப்பைப் பாருங்கள். அங்கே ஆப்டிகல் என்ற தேர்வு இருந்தால், எழுத்துருவை வரைந்தவர் வகுத்த இடைவெளிகளைச் செயலி புறக்கணித்து, வடிவங்களைத் தானே அளந்து இடைவெளி வகுக்கிறது. தனித்து நிற்கும் எழுத்துகளுக்கு அது உதவலாம். தொடரெழுத்துக்கோ அது கேடு. ஏனெனில் இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. மெட்ரிக்ஸ் என்பதற்கு மாற்றியதும் வால்கள் தம் இடத்துக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவது காரணம், வரியை இருபுறமும் சமன்செய்வது. இன்டிசைன், கோரல் டிரா போன்ற செயலிகளில் வரியை முழு அகலத்துக்கு இழுக்கும்போது, சொற்களுக்கு இடையில் மட்டுமன்றி எழுத்துகளுக்கு இடையிலும் வெற்றிடம் பரவக்கூடும். பசிஃபிகோவில் அமைத்த வரியை இடப்புறமாகவோ நடுவிலோ நிறுத்துவதே முறை.

வளைகோட்டின் மேல் எழுத்தை ஓடவிடும்போது வரும் அறுப்புதான் பலரையும் திகைக்க வைப்பது. வட்ட வடிவ முத்திரை ஒன்றின் மேல் விளிம்பில் கடையின் பெயரை ஓடவிட்டால், ஒவ்வோர் எழுத்தும் வளைவுக்கு ஏற்பத் தனித்தனியாகத் திரும்புகிறது; ஆனால் எழுத்தின் வடிவம் வளையாமல் அப்படியே இருக்கிறது. இதனால் வளைவின் வெளிப்புறத்தில் எழுத்துகளின் தலைகள் விரிந்து விலகுகின்றன. இணைப்புகளில் ஒரு முறிவு தெரிகிறது. இடைவெளியைக் குறைத்து இதைச் சரிசெய்ய முயன்றால் ஓரிடம் ஒட்டும், மற்றோரிடம் நெரியும். மாறாக, சொல்லை நேர்கோட்டில் அமைத்து, அதை வடிவமாக மாற்றி, ஒன்றாக இணைத்த பிறகு, முழுச் சொல்லையும் வளைக்கும் என்வலப் அல்லது வார்ப் கருவியைப் பயன்படுத்துங்கள். அப்போது தீற்றலே வளைகிறது, இணைப்பு அறாது. வளைவு மிகக் கூர்மையாக இருந்தால் எழுத்தின் தடிமன் சீர்குலையும் என்பதால், சிறிய வட்டங்களுக்கு இந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்காமலிருப்பது நல்லது.

இது கணினிக் காலத்தில் தோன்றிய சிக்கலன்று. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக இராபர்ட் ஸ்மித் 1942இல் வரைந்த பிரஷ் ஸ்கிரிப்ட், ரோஜே எக்ஸ்கோஃபோன் 1953இல் பிரான்சின் ஒலீவ் எழுத்து வார்ப்பகத்துக்காக உருவாக்கிய மிஸ்த்ரால் ஆகியவை ஈய அச்சுகளாக வந்தபோதும் இதே கட்டுப்பாடு இருந்தது. ஓர் எழுத்தின் வால் முடியும் உயரமும் அடுத்த எழுத்து தொடங்கும் உயரமும் துல்லியமாகப் பொருந்தும்படி வார்க்கப்பட்ட அந்த அச்சுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தகட்டைச் செருகினாலும் சொல் உடைந்துவிடும்.

அறிகுறி: இணைப்புகளில் குறுக்குக் கோடுகளோ கருமையான புள்ளிகளோ தெரிகின்றன

எழுத்துக்குப் புறக்கோடு இட்டதும் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு பிறை வடிவக் கோடு தோன்றினால், செயலி ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியே கோடு வரைகிறது என்று பொருள். இல்லஸ்ட்ரேட்டரில் அப்பியரன்ஸ் பலகத்தைத் திறந்து, கோட்டை எழுத்தின் நிரப்புக்குக் கீழே இறக்கினால், உட்புறக் கோடுகள் நிரப்பால் மறைந்துவிடும். கோட்டின் வெளிப் பாதி மட்டுமே தெரியும் என்பதால் தடிமனை இருமடங்காக்க வேண்டும். இணையப் பக்கத்தில் பெயின்ட் ஆர்டர் என்னும் பண்பில் கோட்டை முதலிலும் நிரப்பை அடுத்தும் வைத்தால் இதே விளைவு கிடைக்கும். ஃபோட்டோஷாப்பின் லேயர் ஸ்டைல் வழியாக வெளிப்புறக் கோடு இடுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏனெனில் அது முழு அடுக்கையும் ஒரே உருவமாகக் கொள்கிறது.

எழுத்தின் நிறத்தையே ஒளி ஊடுருவுமாறு அமைத்திருந்தால், சில உலாவிகளில் இரண்டு எழுத்துகள் படியும் இடம் மட்டும் கருத்துத் தெரியும். நிறத்தை முழுமையானதாக வைத்து, ஒளி ஊடுருவலை ஒபாசிட்டி வழியாக முழு உறுப்புக்கும் கொடுத்தால் கருமை மறையும்.

அறிகுறி: ஸ்டிக்கர் வெட்டும்போது எழுத்துகள் துண்டு துண்டாக உரிகின்றன

மேலே சொன்ன பிழையின் மிகச் செலவு மிக்க வடிவம் இதுதான். திரையில் நிரப்பு நிறம் படிவுகளை மறைத்துவிடுவதால் கோப்பு குற்றமற்றதாகத் தெரியும். வெட்டும் இயந்திரமோ நிரப்பைப் பார்ப்பதில்லை, புறக்கோட்டை மட்டுமே பின்பற்றுகிறது. எனவே ஒவ்வோர் இணைப்பிலும் கத்தி இருமுறை குறுக்கே செல்கிறது. வினைல் தாளை உரிக்கும்போது வால்கள் தனித் துணுக்குகளாகக் கையில் வருகின்றன. ரேடியம் ஸ்டிக்கர் கடைகளிலும் அக்ரிலிக் எழுத்து வெட்டும் பட்டறைகளிலும் வீணாகும் பொருளில் கணிசமான பங்கு இந்தக் கவனக்குறைவால் வீணாவதுதான் என்பது என் எண்ணம்.

சரியான வரிசை இது. முதலில் எழுத்துப்பிழை இல்லை என்று வாடிக்கையாளரிடம் உறுதி பெறுங்கள். ஏனெனில் இதன்பின் சொல்லைத் திருத்த முடியாது. திருத்தத்தக்க மூலத்தின் படி ஒன்றைத் தனியே சேமியுங்கள். பிறகு எழுத்தை வளைகோடுகளாக மாற்றுங்கள்; கோரல் டிராவில் கண்ட்ரோலுடன் க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகியவற்றுடன் ஓ, இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகியவற்றுடன் சி. மாற்றிய வடிவங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, கோரலில் வெல்ட், இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் யுனைட், இங்க்ஸ்கேப்பில் யூனியன் என்னும் கட்டளையைக் கொடுங்கள். இறுதியாக, நிரப்பு இல்லாமல் கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃபிரேம் பார்வைக்கு மாறி, ஒவ்வோர் இணைப்பையும் பெரிதாக்கிப் பாருங்கள். சொல்லின் உள்ளே எங்கும் குறுக்குக் கோடு இருக்கக் கூடாது. இந்த இறுதிப் பார்வையைத் தவிர்க்கக் கூடாது என்று வலியுறுத்துவேன். வெல்ட் கட்டளை கொடுத்தோம் என்ற நினைவைவிடக் கண்ணால் கண்டதுதான் நம்பத்தக்கது.

இந்த வேலையின்போது ஓ, ஏ, இ போன்ற ஆங்கில எழுத்துகளின் உள்வெளி அடைந்து, முழுக் கறுப்பாகிவிட்டால், யாரோ பிரேக் அபார்ட் கட்டளை கொடுத்திருக்கிறார்கள். வெளிக்கோடும் உள்கோடும் இரண்டு தனிப் பொருள்களாகி, ஒன்று மற்றொன்றின் மேல் கிடக்கிறது. அவ்விரண்டையும் தேர்ந்து கம்பைன் கட்டளை கொடுத்தால் துளை திரும்பும்.

ஐ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தின் மேலுள்ள புள்ளி, வெல்ட் செய்த பிறகும் தனித்தே நிற்கும். ஸ்டிக்கருக்கு அது பொருட்டன்று; ஸ்டிக்கரை எடுத்து ஒட்ட உதவும் மாற்றுத்தாள் அதை இடத்தில் பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக்கிலோ மரத்திலோ சொல் முழுவதும் ஒரே துண்டாக வர வேண்டுமென்றால், புள்ளியைச் சற்றுக் கீழிறக்கி எழுத்தின் தண்டைத் தொடச் செய்யலாம். அல்லது பின்னால் ஒரு தளம் கொடுக்கலாம். கேப்பிடல் எனப்படும் பேரெழுத்துகளில் சிலவும் அடுத்த எழுத்தோடு சேராமல் நிற்பதுண்டு. அவற்றையும் இதே பார்வையில் கண்டுபிடித்துவிட வேண்டும். எழுத்தைத் துளையாக வெட்டிச் சாயம் அடிக்கும் ஸ்டென்சில் பணிக்கு இந்த எழுத்துரு அப்படியே உதவாது. உள்வெளிகள் கழன்று விழும் என்பதால், அவற்றைத் தாங்கும் பாலங்களை நீங்களே வரைய வேண்டும்.

அறிகுறி: எழுத்து வீங்கித் தடித்திருக்கிறது, அல்லது அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது

பசிஃபிகோவுக்கு ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. தடித்த வடிவமும் இல்லை, சாய்ந்த வடிவமும் இல்லை. நீங்கள் போல்டு பொத்தானை அழுத்தினால், செயலி இருக்கும் வடிவத்தைத் தானே பருக்கச் செய்து போலித் தடிமனை உருவாக்குகிறது. ஏற்கெனவே கனத்த தீற்றல்களைக் கொண்ட எழுத்து மேலும் பருக்கும்போது உள்வெளிகள் அடைகின்றன, இணைப்புகளில் கட்டி விழுந்தது போன்ற தோற்றம் வருகிறது.

இணையப் பக்கங்களில் யாரும் போல்டு கேட்காமலேயே இது நிகழும். உலாவிகள் தலைப்புக் குறிகளை இயல்பாகவே தடித்த எழுத்தில் காட்டுகின்றன. அந்தத் தலைப்புக்கு நீங்கள் பசிஃபிகோவைக் கொடுத்தால் போலித் தடிமன் தானாக வந்துவிடும். தலைப்பின் ஃபாண்ட் வெயிட் மதிப்பை 400 என்று வெளிப்படையாக எழுதுங்கள். தளம் முழுவதும் இத்தகைய போலிகள் வராமல் தடுக்க, ஃபாண்ட் சிந்தசிஸ் என்னும் பண்பை நன் என்று அமைக்கலாம். சாய்வுக்கும் இதே காரணமும் இதே தீர்வும் பொருந்தும். அழுத்தம் வேண்டுமென்றால் அளவையோ நிறத்தையோ மாற்றுங்கள்.

அறிகுறி: முழுச் சொல்லும் பேரெழுத்துகளில் வந்து, படிக்க முடியவில்லை

பேரெழுத்துகள் இந்த எழுத்துருவில் சொல்லின் தொடக்கத்தில் நிற்பதற்காக வரையப்பட்டவை. அவை ஒன்றோடொன்று இணைவதற்காக அல்ல. அவற்றை வரிசையாக அடுக்கினால் சுழிகள் மோதிக்கொள்ளும். கேப்ஸ் லாக் அழுத்தவில்லை என்றால், வார்ப்புருவில் டெக்ஸ்ட் டிரான்ஸ்ஃபார்ம் என்னும் பண்பு அப்பர்கேஸ் என்று இருக்கிறதா பாருங்கள். நிறுவனத்தின் பெயரே முதலெழுத்துச் சுருக்கமாக இருந்தால், அதற்குச் சுழிகளற்ற நேரான எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: எழுத்தின் தலையோ வாலோ வெட்டுப்படுகிறது, அல்லது வரிகளுக்கு நடுவே பெரும் வெற்றிடம் விழுகிறது

இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் காரணம் ஒன்றே. மேலே ஓங்கும் சுழிகளுக்கும் கீழே தொங்கும் வளையங்களுக்கும் இடமளிக்க, பசிஃபிகோவின் இயல்பான வரி உயரம் எழுத்தளவைப் போல ஏறத்தாழ 1.75 மடங்காக அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் வேர்டில் ஒற்றை வரி இடைவெளி கொடுத்தாலும் இரண்டு வரித் தலைப்பு அகன்று நிற்கிறது. அதைக் குறைக்க எக்ஸாக்ட்லி என்னும் தேர்வில் சிறிய மதிப்பு கொடுத்தால், இப்போது மேல்பகுதி வெட்டுப்படுகிறது. எழுத்தளவின் 1.3 மடங்கிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகச் சரிசெய்யுங்கள். மேல் வரியில் கீழ்நோக்கித் தொங்கும் ஜி, ஒய் போன்ற எழுத்துகளும், அவற்றுக்கு நேர் கீழே ஓங்கி நிற்கும் எல், எச் போன்ற எழுத்துகளும் இருந்தால், எந்த மதிப்பும் முழுநிறைவு தராது. அங்கே வரியை வேறு சொல்லில் மடக்குவதுதான் வழி.

இணையப் பக்கத்தில் சொல்லின் கடைசி எழுத்தின் வால் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால், அது எழுத்தின் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உறுப்புக்கு, பெட்டிக்கு வெளியே நீள்வதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் கொடுக்கப்பட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். எழுத்துக்குள் இருநிறக் கலவை நிரப்பும் உத்தியில் பின்னணி நிறம் பெட்டியின் அளவுக்கே வரையப்படுவதால், வாலுக்கு நிறமே கிடைக்காது. வலப்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் சிறிது பேடிங், அதாவது பெட்டியின் உள்விளிம்பு இடைவெளி, சேர்த்தால் போதும்.

பொத்தானுக்குள் எழுத்து நடுவில் நிற்காமல் ஏறியோ இறங்கியோ தெரிவதும் இந்த உயரக் கணக்கின் விளைவே. பெட்டி நடுவில்தான் இருக்கிறது, கண் பார்க்கும் சிற்றெழுத்துகளின் பட்டைதான் நடுவில் இல்லை. மேல், கீழ் பேடிங்கைச் சமமாக வைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, கண்ணுக்கு நடுவாகத் தெரியும்வரை மாற்றுங்கள்.

அறிகுறி: தமிழ்ச் சொற்கள் வேறு எழுத்துருவில் வருகின்றன, கட்டங்களாகின்றன, அல்லது பொருளற்ற ஆங்கிலமாகின்றன

பசிஃபிகோவில் தமிழ் எழுத்துகள் இல்லை. இலத்தீன், சிரில்லிக் ஆகியவற்றுக்கே அது வரையப்பட்டிருக்கிறது. ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்த தமிழ்ச் சொல்லுக்கு அதைக் கொடுத்தால், கணினி தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவைத் தேடி எடுத்துக்கொள்கிறது; விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யுஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். மாற்றுத் தேடும் வசதியில்லாத செயலியிலோ வெற்றுக் கட்டங்கள் தோன்றும். இதைப் பழுது என்று கருதிக் கோப்பை மறுபடி மறுபடி நிறுவுவதில் பயனில்லை.

பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த உரைக்கு நேர்வது வேறு. அங்கே கணினிக்குத் தெரிந்தவை ஆங்கில எழுத்துகள் மட்டுமே. அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுத்தது பாமினி எழுத்துருதான். எனவே பசிஃபிகோவுக்கு மாற்றியதும், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற வரிசையாக, அழகிய தொடரெழுத்தில் பொருளின்றி நிற்கும். உரையை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டு, தமிழுக்குத் தனி எழுத்துரு ஒதுக்குவதே நிலையான தீர்வு.

எந்தத் தமிழ் எழுத்துருவை அருகில் வைப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் தேர்வுத்திறன் தெரியும். பசிஃபிகோவின் முதன்மைக் குணங்கள் மூன்று: கனம், உருண்ட முனைகள், வலப்பக்கச் சாய்வு. மூன்றையும் ஒருங்கே கொண்ட தமிழ்த் துணையைத் தேடி அலைவதைவிட, எந்தக் குணம் உங்கள் பணிக்கு முதன்மையானது என்று முடிவுசெய்வது மேல். கனமும் உருட்சியும் வேண்டுமென்றால், மார்செலோ மகல்யாயிஸ் வரைந்த காய்னி, எக் டைப் குழுவினரின் பலூ தம்பி 2 ஆகியவற்றைப் பார்க்கலாம். பின்னதில் பல தடிமன்கள் இருப்பதால் பசிஃபிகோவின் கனத்துக்கு இணையான ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். சாய்வும் கையெழுத்துச் சாயலும் வேண்டுமென்றால், தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் பொருந்தும்; ஆனால் அது பசிஃபிகோவைவிட மெலிந்தது என்பதால், அதைச் சற்றுப் பெரிதாக வைக்க வேண்டியிருக்கும். இவை அனைத்தும் கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கின்றன. பெயர்ப்பலகைகளுக்கு நான் பலூ தம்பி 2 எழுத்துருவையே பரிந்துரைப்பேன். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய இடத்தில் சாய்வைவிடக் கனம்தான் உதவுகிறது.

இரண்டு மொழிகளுக்கும் ஒரே புள்ளி அளவு கொடுத்தால் அவை ஒத்துப்போகா. தமிழின் ககரமும் பசிஃபிகோவின் சிற்றெழுத்துகளும் கண்ணுக்கு ஒரே எடையுடன் தெரியும்வரை தமிழின் அளவை மட்டும் மாற்றுங்கள். நேரான தமிழ் எழுத்துருவைச் செயலியின் சாய்வுப் பொத்தானால் சாய்க்காதீர்கள். தமிழின் வளைவுகள் அதனால் நசுங்குகின்றன. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் ஆகியவற்றில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தால், அது எழுத்துருவின் பிழையன்று. பத்தி அமைப்புகளில் வேர்ல்ட் ரெடி என்னும் எழுத்துக்கோப்பு முறைக்கு மாற வேண்டும்.

அறிகுறி: இணையப் பக்கத்தில் பசிஃபிகோவுக்குப் பதிலாகக் காமிக் சான்ஸ் தெரிகிறது

எழுத்துரு வரிசையில் பசிஃபிகோவுக்குப் பின் கர்சிவ் என்ற பொதுப்பெயரை எழுதுவது வழக்கம். விண்டோஸ் உலாவிகள் அந்தப் பொதுப்பெயருக்குக் காமிக் சான்ஸைக் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டில் டான்சிங் ஸ்கிரிப்ட் வருகிறது. எனவே இந்த அறிகுறி சொல்வது, பசிஃபிகோ வந்து சேரவே இல்லை என்பதுதான். பெயரின் எழுத்துக்கோவையைச் சரிபார்த்த பிறகு, கூகுள் ஃபாண்ட்ஸுக்கு அனுப்பும் முகவரியில் 700 போன்ற தடிமன் எதையும் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லாத தடிமனைக் கேட்டால் அந்தச் சேவை 400 என்னும் பிழைக்குறியை அனுப்புகிறது. ஒரே முகவரியில் கேட்ட மற்ற எழுத்துருக்களும் அதனுடன் வராமல் போகின்றன.

சொல்லில் ஓரிரு எழுத்துகள் மட்டும் வேறு உருவில் இருந்தால், முகவரியில் டெக்ஸ்ட் என்னும் அளவுரு வழியாகக் குறிப்பிட்ட எழுத்துகளை மட்டும் கேட்டு, பின்னர் தலைப்பை மாற்றியிருப்பீர்கள். பக்கம் திறந்த சிறிது நேரத்தில் எழுத்து மாறி வரிகள் குதித்தால், எழுத்துருக் கோப்பை உங்கள் தளத்திலேயே வைத்து, முன்கூட்டியே ஏற்றும்படி அமையுங்கள்.

அறிகுறி: அச்சகத்தின் கணினியில் வேறுவிதமாகத் தெரிகிறது

எழுத்துரு அங்கே இல்லாதிருக்கலாம்; அல்லது 2016க்கு முந்தைய பழைய வரைவு நிறுவப்பட்டிருக்கலாம். இரண்டு வரைவுகளும் ஒரே பெயரில் இருப்பதால், செயலி எச்சரிக்கை எதுவும் தராமல் கோப்பைத் திறந்துவிடும். எழுத்துகளின் அகலம் வேறுபடுவதால் வரிகள் மடங்கும் இடம் மாறக்கூடும். எழுத்துரு உட்பொதிக்கப்பட்ட பிடிஎஃப் அனுப்புவது முதல் வழி. பலகை, ஸ்டிக்கர், பனியன் அச்சு போன்ற சில சொற்கள் மட்டுமுள்ள பணிகளுக்கு, வளைகோடுகளாக மாற்றிய கோப்பே பாதுகாப்பானது.

அறிகுறி: சிறிய அளவில் படிக்க முடியவில்லை

இது காட்சிக்கான எழுத்துரு. ஒரு பத்தியை இதில் அமைத்தால் எந்தத் திருத்தமும் அதைக் காப்பாற்றாது. முகவரி, விலைப்பட்டியல், தொலைபேசி எண் ஆகியவற்றை எளிய எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு, கடையின் பெயருக்கு மட்டும் பசிஃபிகோவை வையுங்கள். துணியில் திரை அச்சிடும்போது மை பரவும் என்பதால், இ, ஏ ஆகிய ஆங்கில எழுத்துகளின் உள்வெளி அடைகிறதா என்று உண்மை அளவில் மாதிரி ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது

இணைப்பு, உயரம், தடிமன் அனைத்தும் சரியாக இருந்தும் வாடிக்கையாளர் முகம் சுளித்தால், அவருடைய உணர்வை மதியுங்கள். கடற்கரை, வெயில், விடுமுறை ஆகியவற்றின் துள்ளலைச் சுமந்து பிறந்த எழுத்துரு இது. பனிக்கூழ்க் கடை, பழச்சாறு நிலையம், குழந்தைகளின் பிறந்தநாள் அட்டை, பயண விளம்பரம் ஆகியவற்றில் அது இயல்பாக அமர்கிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும், மருத்துவமனையின் அறிவிப்பிலும், வழக்குரைஞரின் பெயர்ப்பலகையிலும் அது துயரத்தையோ நம்பகத்தையோ குலைக்கிறது. இங்கே அமைப்புகளை மாற்றுவதில் பயனில்லை, எழுத்துருவைத்தான் மாற்ற வேண்டும். அதே தெருவில் மூன்று கடைகள் ஏற்கெனவே பசிஃபிகோவில் பலகை வைத்திருந்தாலும் இதே முடிவுக்கு வருவது நியாயமானது. தனித்தன்மைக்காகப் பணம் கொடுப்பவருக்கு அண்டைக் கடையின் முகத்தை விற்கக் கூடாது. பெயரைக் கையால் எழுதக்கூடிய ஓவியர் ஒருவர் கிடைத்தால், அவரை அணுகும்படி வாடிக்கையாளரிடம் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கேள்வி: வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் உண்டா?

உண்டு. பசிஃபிகோ எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருக்கிறது. பெயர்ப்பலகை, பொட்டலம், பனியன், சின்னம் ஆகியவற்றில் இதைப் பயன்படுத்தி விற்கலாம். ஆவணங்களிலும் செயலிகளிலும் உட்பொதிக்கலாம். அச்சகத்துக்கு எழுத்துருக் கோப்பை அனுப்பலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விலைக்கு விற்பது அனுமதிக்கப்படவில்லை. ஒருவர் அதைத் திருத்தித் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வெளியிட விரும்பினால், அந்தப் புதிய எழுத்துருவும் இதே உரிமத்தின் கீழ்தான் வர வேண்டும். உரிமக் கோப்பில் ஒதுக்கப்பட்ட பெயர் குறிப்பிடப்பட்டிருந்தால் அந்தப் பெயரையும் பயன்படுத்தக் கூடாது. கோப்பைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதனுடன் வந்த உரிமக் கோப்பையும் சேர்த்தே கொடுங்கள்.